உப்பை எடுத்தல்

பிப்ரவரியில் வந்தது விண்ணப்பம்.
பெயர்: ஹால்டிஸ் ஓஸ்விக். வடக்கே ஏதோ ஒரு தீவு.
கோரிக்கை: என் குரலை உங்கள் இயந்திரம் மறக்க வேண்டும்.
காரணம் என்ற கட்டம் காலி.
காரணம் கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

டிரோண்ட்ஹைமில் அன்று நாலரைக்கே இருட்டு.
தோர்கைர் காபியோடு வந்து என் தோள்வழியே படித்தான்.
"கோப்பை அழி. ஒரு நொடி வேலை."
ஒரு நொடிதான்.
ஆனால் அவர் கோப்பில் மட்டுமா இருக்கிறார்?

நாற்பதாயிரம் மணி நேரப் பேச்சைக் கேட்டு
வளர்ந்தது எங்கள் மொழி மாதிரி.
அதில் ஹால்டிஸ் தந்தது பதினொரு நிமிடம்:
படகு புறப்படும் நேரம், உருளைக்கிழங்கு விலை,
பனி அள்ள வராத நகராட்சிக்கு நாலு வசவு,
நடுவில் ஒரு தும்மல்,
தும்மலுக்கு ஒரு மன்னிப்பு.
எண்பது கோடி எண்களில்
ஒவ்வொன்றையும் மயிரிழை நகர்த்திவிட்டுக்
கரைந்துபோனது.

பிசைந்த மாவிலிருந்து உப்பை மட்டும் எடு என்கிறார்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி.
உப்பிட்டவரே வந்து நினைக்காதே என்றால்
என்ன செய்வது என்று
பழமொழியில் இல்லை.

அடியிலிருந்து மறுபடி பயிற்றலாம்.
ஒன்பது வாரம், ஒரு சிற்றூரின் மின்சாரம்,
அடுத்த வாரமே இன்னொரு விண்ணப்பம்.
அதனால்தான் இந்த ஆராய்ச்சி,
அதனால்தான் எனக்குச் சம்பளம்.

முதல் முயற்சி: பின்னோக்கித் தள்ளினேன்.
மறந்தது. ஹால்டிஸை மட்டுமல்ல,
வடகரை முழுவதையும்.
ஒரு மீன்பிடிப் படகுக்காரர் 'நான்' என்றதை
இருமல் என்று எழுதியது.

பதினாறாம் முயற்சி: ஹால்டிஸ் மட்டும் போனார்.
விருந்து வைக்கலாமா என்றான் தோர்கைர்.
இங்வில்தான் சோதனை வரைபடத்தைத் திருப்பிக் காட்டினாள்:
எந்த அந்நியக் குரலுக்கும் இப்படித் திடுக்கிடாத மாதிரி
இவர் குரலுக்கு மட்டும் திடுக்கிடுகிறது.
கடன்காரனைத் தெருவில் கண்டவன்
கடைப் பலகையை உற்றுப் படிப்பானே, அப்படி.
ஓட்டை இருந்தது,
ஓட்டையின் விளிம்பு அவர் வடிவில் இருந்தது.

ஆக, மறதிக்கு இலக்கணம் இது:
முன்பின் அறியாதவர் குரலுக்கு
எவ்வளவு வியக்குமோ அவ்வளவே வியக்க வேண்டும்.
கூடவும் கூடாது,
குறையவும் கூடாது.

இதை அளக்க ஒவ்வொரு முறையும்
அந்தப் பதினொரு நிமிடத்தை ஓட்டியாக வேண்டும்.
மறந்ததா என்று பார்க்க
ஒரு பிரதி பத்திரமாக என்னிடம்.
சட்டக் குழு அனுமதித்தது, பூட்டிய பெட்டியில், முப்பது நாள்.
ஓட்டினேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு
கேட்கவும் கேட்டேன்,
எதற்கென்று குறிப்பேட்டில் எழுதவில்லை.

நாற்பத்தோராம் முயற்சியில் அளவு சரியாக வந்தது.
பிரதியை அழித்தேன். இங்வில் சாட்சிக் கையெழுத்து.
கடிதத்தில் "எதுவும் மிச்சமில்லை" என்று எழுதி
அடித்துவிட்டு
"எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று எழுதினேன்.
பதில் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை.

ஏப்ரலில் இங்விலோடு வேறொரு துறையில் நிற்கிறேன்.
பலகையில் மழை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
அடுத்த படகு எப்போது என்கிறாள்.
"ஆறு நாற்பது," என்கிறேன்,
ஒரு மூச்சு இழுத்து,
"ஞாயிறு தவிர; ஞாயிறென்றால் கடவுள்தான் துணை."

இங்வில் சிரித்தாள்.
யார் இப்படிப் பேசுவார்கள் என்றாள்.

தெரியவில்லை என்றேன்,
அந்நியரைப் பற்றிக் கேட்டால் சொல்வதுபோல,
கூடாமல்,
குறையாமல்.