டிரைவர் இல்லை

காவேரிப்பட்டணம் தாண்டி, போச்சம்பள்ளி ரோட்டில்
மாங்கூழ் ஃபேக்டரியின் எடைமேடை.
புதுக் கம்ப்யூட்டர் வந்து மூன்று மணி நேரமாகிறது.
தராசு அதோடு பேசமாட்டேன் என்கிறது.
வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும்
பதினேழு லாரி, அத்தனையிலும் பெங்களூரா.
காற்றில் இப்போதைக்கு இனிப்பு.
இன்னும் ஒரு மணி நேரம் போனால் அதில் புளிப்பு சேரும்.

பென்டிரைவைச் செருகினேன்.
சோதனைக் கருவி கறுப்புத் திரையில் எழுந்து
பெட்டிக்குள் இருப்பவர்களை
ஒவ்வொருவராகக் கூப்பிட்டது.
யார் நீ, எந்தக் கம்பெனி?
நாலெழுத்தில் ஊர், நாலெழுத்தில் பேர்,
கேட்டதும் சொல்லிவிடுகிறார்கள்.
ஒலி: ஆதரவு உண்டு.
(அந்த அறையில் யாருக்கும் பாட்டு வேண்டியிருக்கவில்லை.)
கேமரா: உண்டு.
விரல்ரேகை: ஓரளவு.
ஓரளவு என்றால் என்ன என்றார் மேனேஜர் வஹீதுல்லா.
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், எழுந்து வராது என்றேன்.
கடைசி வரி சிவப்பு.
தராசின் பழைய வயரை யு.எஸ்.பி.க்கு மாற்றித் தரும்
கட்டைவிரல் நீளப் பெட்டி:
அறியப்படாத சாதனம்.

"டிரைவர் இல்லை."
கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.
ஜன்னலுக்கு வெளியே, புளியமர நிழலில்,
சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் பதினேழு பேரும் நிமிர்ந்தார்கள்.
"எந்த வண்டிக்கும்மா?"
வேப்பனப்பள்ளி திம்மராயன், காதில் பீடி.
"நான் எடுக்கறேன். ஹெவி லைசென்ஸ் இருக்குது."

அந்தச் சிரிப்பு அடங்க நேரமானது.

பெட்டி பொய் சொல்லவில்லை.
ஊரும் பேரும் சரியாகத்தான் சொன்னது.
பட்டியலில்தான் இல்லை.
போன தேர்தலில் என் மாமியார்
வரிசையில் நின்று, பெயரில்லாமல் திரும்பி வந்து
மை படாத விரலைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடியைக் கழற்றினேன்.
சில்லின் மேல் பாதி தேய்ந்த எழுத்து.
போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்
அட, தெரிந்த குடும்பம்;
இவன் அண்ணனை ஓசூரில் ஒரு பில் மெஷினுக்குள் பார்த்திருக்கிறேன்.
அண்ணனை ஓட்டும் டிரைவரின் கதவில்
இவனுடைய இரண்டு எண்களையும் எழுதி
உன் ஆள்தான், ஏற்றிக்கொள் என்றேன்.

திரையில் ஒரு சுழியம்.
பிறகு ஐந்து.
திம்மராயன் வண்டி மேடையேறி அசைந்து நின்றதும்
பதினாலாயிரத்து முந்நூற்றிருபது.

கருவியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.
எடை ஏறிக்கொண்டிருக்கும்போதே அது
அறியப்படாத சாதனம் என்றுதான் சொன்னது.
அறிக்கையை அனுப்பவா என்று கேட்டது.
குறிப்புக் கட்டத்தில் தமிழிலேயே எழுதினேன்:
ஓடுகிறது. மாங்காய் சீசன். கிருஷ்ணகிரி.
அப்புறம், எந்த எண்ணை எங்கே எழுதினேன் என்பதையும்.

வெளியே திம்மராயன் ரசீதை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.
தோட்டத்தில் ஏற்றும்போது நாற்பது கிலோ அதிகமாம்.
"அந்த நாப்பது உன் பட்டியல்ல வருமாம்மா?"

பின்பலகை இடுக்கில் சொட்டிய சாறு,
ஈ மொய்த்த ஒரு கோடாக,
பங்க் வரைக்கும் போயிருந்தது.