ஏழு வீட்டுக்கு எட்டுச் சுவர்

தனித்தனியாய்க் கட்டினால் பக்கச்சுவர் பதினான்கு.
ஒட்டிக் கட்டினால் எட்டு.
மிச்சமாகும் ஆறு சுவர்க் காசில்
வீட்டுக்கொரு மழைநீர்த் தொட்டி
என்றுதான் தொடங்கினேன்.
ரிசர்வாயர் ஹில்ஸ் பள்ளிக்கூட மண்டபத்தில்
பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கின.

"வாஸ்து?" என்றது முன்வரிசை.
டர்பனில் வெயில் வடக்கே நின்று அடிக்கும், அங்கிள்,
பெரிய ஜன்னலெல்லாம் குபேரன் பக்கம்.
சிரித்தார்கள்.
கோப்பு பாதி தூரம் நகர்ந்துவிட்டதென்று நினைத்தேன்.

பிறகு படையாச்சி எழுந்தார். எதிர்வீடு;
கேட்டில் இரண்டு சிமெண்ட் சிங்கம்.
கார் நெரிசல், குரங்கு, கடல் தெரியாமல் போவது,
மனுவில் எழுதிய எதையும் அவர் சொல்லவில்லை.
"நான் பிறந்தது பராக்ஸில், மா.
இருபது கதவு, ஒரே கோடு.
பக்கத்து அறை இருமினால் எங்கள் விளக்கு ஆடும்.
நாலு பக்கமும் சுற்றி வர ஒரு வீடு,
அதற்குத்தான் முப்பத்தோரு வருஷம் சாயப்பட்டறை.
குடிபுகுந்த ராத்திரி
தூங்கவில்லை, சுற்றிச் சுற்றி நடந்தேன்.
நீ திரும்பவும் கோடு போடுகிறாய்."

ஒலித்தடுப்பு அட்டவணை ஒன்று பையில் இருந்தது.
எடுக்கவில்லை.

அன்றிரவு மின்வெட்டு. போன் வெளிச்சத்தில்
கோட்டை உடைத்தேன்:
மனை சரிகிற வாக்கில் வீட்டுக்கு வீடு மூன்று படி இறக்கி,
ஒரு கை நீளம் முன்னும் பின்னுமாய்த் தள்ளி.
சுவரை இரண்டாய்ப் பிளந்து நடுவில்
இரண்டு விரற்கடை காற்று வைத்தேன்.
எண்ணிப் பார்த்தால் மறுபடியும் பதினான்கு.
ஏழு தொட்டி ஒன்றாயிற்று.
அப்போதும் நடுவீட்டைச் சுற்றி நடக்க முடியாது.
எந்தப் பென்சிலாலும் முடியாது.

வெள்ளிக்கிழமை வந்தாள் தாண்டேகா,
இரவுப்பணி நர்ஸ்,
நான்காம் வீட்டுக்குப் பெயர் கொடுத்திருப்பவள்.
"பகலில் தூங்குகிறவள் நான்,
அந்தக் காற்றை மட்டும் எடுத்துவிடாதே" என்றாள்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு,
"துணிக்கொடி எங்கே?"

வரைய மறந்திருந்தேன்.

நகராட்சியில் படையாச்சியின் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது.
நேற்று முளைக்குச்சி அடிக்கப் போனபோது
ஈரச் செம்மண்ணில் செருப்புத் தடம்,
இடது குதி தேய்ந்தது,
மனையின் நாலு ஓரமும் சுற்றி, ஒருமுறை அல்ல.
திரும்பும்போது
வேலிக் கதவைப் பூட்டாமல் வந்தேன்.