கேட் போட்டாச்சு

எட்டே முக்காலுக்குக்
குலவணிகர்புரத்தில் கேட் விழுகிறது.
முன்னால் வாழைத்தார் ஏற்றிய குட்டியானை,
பின்னால் உறுமியபடி ஒரு டவுன் பஸ்.
நடுவில் நாங்கள்.
ஸ்கூட்டரின் முன்பலகையில் நின்று
கண்ணாடியைத் திருகுகிறாள் நிறைமதி.
ஒரு காலில்தான் ஷூ.
மற்றது என் பைக்குள்,
சாவிக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில்.

விடிந்ததிலிருந்து
அவளிடம் நான் பேசியது ஏழே சொல்:
எந்திரி. துப்பு. முழுங்கு. நில்லு.
கையத் தூக்கு.
வெரசா.
கடைசிச் சொல்லை மட்டும்
நாற்பது தடவை சொல்லியிருப்பேன்.
நேற்று பொம்மைக்குத் தலை துவட்டும்போது
"வெரசா, சவமே, வெரசா" என்றாள்.
அந்தச் சவமே என்னுடையதுதான்.
மாவு பாதியில் இருக்கக் கரண்ட் போனால்
கிரைண்டரைப் பார்த்து நான் சொல்வது.

ஒருநாள் விட்டு ஒருநாள்
நாலரைக்குத் தண்ணீர் வரும்.
சேர்மக்கனி களக்காட்டுக்கு லோடு எடுக்கப் போயிருந்தால்
பதினெட்டுப் படி, பதினாலு குடம்,
என் இடுப்பு ஒன்று.

வண்டியை அணைக்கிறேன்.
ஆனித்தென்றல்
தண்டவாளத்தைத் தாண்டி வந்து
அவள் ரிப்பனை என் வாயில் திணிக்கிறது.
"அம்மா,
இன்னைக்குத்தான் நாளைக்கா?"

எனக்கு விளங்கவில்லை.
பிறகு விளங்கியது.
ஞாயிற்றுக்கிழமை
தோசைக்கல்லைப் பார்த்தபடியே நான் சொன்னது.
ஆத்துக்குப் போவமா என்றாள்;
நாளைக்கு என்றேன்.
சில்லறை இல்லாத கடைக்காரர்
கையில் வைத்து அழுத்தும் மிட்டாய் மாதிரி
எத்தனை நாளைக்கு கொடுத்திருக்கிறேன்!
இவள் ஒன்றையும் தின்னவில்லை போல.

"இல்லட்டி, இன்னைக்கு புதன்கிழமை."
"புதன்கிழமை முடிஞ்சா நாளைக்கு வருமா?"
குட்டியானைக்காரர்
கண்ணாடி வழியே சிரிக்கிறார்.
"பாலம் வந்துட்டா பறந்துரலாம்க்கா" என்கிறார்.
ஆமாண்ணே என்கிறேன்.
வரைபடத்தை எலி தின்னட்டும்
என்று நினைத்ததை அவரிடம் சொல்ல முடியுமா?
ஐந்து நிமிஷம் முந்திக் கிளம்பினால்
கேட்டில் மாட்ட வேண்டாம்.
அது எனக்குத் தெரியும்,
போன மாசத்திலிருந்தே தெரியும்.

ஷூவை எடுத்துக் குனிந்து மாட்டுகிறேன்.
நுழையவில்லை.
கவிழ்த்தால்
மூன்று வேப்பமுத்து.
"தட்டாதம்மா, அது உறங்குது."
இதற்காகவா காலையில் காலைச் சுருட்டிக்கொண்டாள்?
இதற்காகவா முதுகில் ஒன்று வைத்தேன்?
முதுகைத் தடவலாம் என்று கை போகிறது,
அதற்குள் ரயில்.

காதைப் பொத்துகிறாள்.
சத்தம் இன்னும் இருக்கிறதா என்று
திறந்து பார்க்கிறாள்.
திரும்பவும் பொத்துகிறாள்.
ஒண்ணு, ரெண்டு, நாலு, பதினொண்ணு,
பதினொண்ணு, பதினொண்ணு.
வாசலில் நின்று பல் துலக்கும் ஒருவருக்கு
இரண்டு கையாலும் டாட்டா.
அவர் பார்த்தார். ஆட்டவில்லை.
"அந்த மாமாவுக்குக் கை வலிக்கு"
என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

கம்பம் நடுங்கி எழுகிறது.
அத்தனை ஹாரனும் ஒரே தொண்டையாய்க் கத்த
வண்டியை உதைக்கிறேன்,
பிடிக்கவில்லை, மறுபடி உதைக்கிறேன்.
தண்டவாளத்தில் குலுங்கும்போது
குரலும் குலுங்கக் கேட்கிறாள்:
"நாளைக்கும் கேட் போடுவாவளா?"
"போடுவாவ."
"நெசமா?"
"நெசமா."

மருந்துக்கடையில்
பதினோரு மணிக்கு ஒரு பெரியவர்
சளி மாத்திரை வாங்கினார்.
மூன்று ரூபாய் மிச்சம் கொடுக்கக்
கோட்டுப் பையைத் துழாவினேன்.
வந்தது மூன்று.
உள்ளங்கையில் கொஞ்சநேரம் வைத்திருந்தேன்,
உறங்கட்டும் என்று.
அவர் கையை நீட்டியபடியே நின்றார்.