முத்தேமால்

முத்தேமால் என்றார் ஹவல்தார்.
முத்துமாலை என்று விழுந்தது என் காதில்.
சயான் ஸ்டேஷன் படிக்கட்டின் கீழே
தார்ப்பாய் விரித்துக் கடை போடுகிறவளிடம்
முத்துமாலை ஏது என்று சிரித்தும்விட்டேன்.
சிரிப்பையும் எழுதியிருப்பார்,
பஞ்சநாமாவில் அதற்குக் கட்டம் இல்லை.

அப்புறம் மகன்தான் சொன்னான்:
வழக்கில் பிடித்த பொருளுக்கு மராத்தியில் அப்படிப் பேர்,
நம்ம பக்கத்துக் காகிதத்தில் சொத்து என்று போடுவார்களாம்.

சொத்து.
அவர் செத்து, வாரிசுச் சான்றுக்கு நான் அலைந்த நாளில்கூட
யாரும் அந்தச் சொல்லைச் செலவு செய்ததில்லை.
இசக்கித்தாய் என்ற பேருக்கு எதிரே
முதல்முறையாக எழுதினார்கள்,
எடுத்துக்கொண்டு போகிற தாளில்.

காரணம் மாதுங்காவில் நடந்தது.
நகைக்கடைக்குள் இரண்டு பையன்கள்
கறுப்புத் துப்பாக்கி நீட்டி
எட்டுச் சங்கிலி அள்ளியிருக்கிறார்கள்.
ஓடும்போது அது கீழே விழுந்து, கைப்பிடி பிளந்து,
சுருள்கம்பியும் ஆறு மஞ்சள் குண்டும்
ரோட்டில் உருண்டனவாம்.
நான் விற்றதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
நூற்றெண்பது சொல்லி நூற்றிநாற்பதுக்குக் கொடுப்பேன்.
பேரம் பேசுகிறவன் முகத்தையா பார்ப்பேன்,
சட்டைப் பையைப் பார்ப்பேன்.

மறுநாள் சாயந்திரம் வேன் வந்தது.
பச்சையும் ஊதாவுமாய் மினுக்கும் தண்ணீர்த் துப்பாக்கியைத்
தொடவில்லை.
கறுப்பை மட்டும் பொறுக்கினார்கள்
அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.
இளவயதுக் கான்ஸ்டபிள் ஒருவன்
ஒன்றை உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தான்.
கனமில்லாததில் அவனுக்கு ஒரு சின்ன வருத்தம்.

அப்துல் ரஹ்மான் தெருவில் வாங்கியது முப்பத்திரண்டு.
விற்றது ஐந்து.
தாளில் இருபத்தைந்து.
கழித்தல் எனக்குத் தெரியும்.
அன்றைக்கு வாய்தான் வரவில்லை.

கோர்ட்டு வராந்தாவில்
நகைக்கடைக்காரரும் நானும் ஒரே பெஞ்சு.
அவருடைய எட்டுச் சங்கிலியும் முத்தேமால்தான்,
ஸ்டேஷன் உள்ளறையில் ஒரே அலமாரி.
என் பொம்மைகளின் காவலில்
அவர் தங்கம் தூங்கியிருக்கிறது.
அவரிடம் பில் இருந்தது, எடைச்சீட்டு இருந்தது,
வக்கீல் பக்கத்திலேயே நின்றார்.
பதினோராம் நாள் பத்திரம் எழுதிக்கொடுத்து வாங்கிவிட்டார்.
என் பில், சிகரெட் அட்டையின் உள்பக்கம்
பென்சிலில் '32 பீஸ்'.
யார் கையெழுத்து என்று குமாஸ்தா கேட்டார்.
எந்தக் கடையில் கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள்?

அவரிடம் நான் கேட்டது இவ்வளவுதான்:
துப்பாக்கி என்றால் வழக்குப் போடுங்கள்.
பொம்மை என்றால் திருப்பிக் கொடுங்கள்.
நிஜத் துப்பாக்கிக்கு நம்பர் உண்டு, லைசென்ஸ் உண்டு,
பூட்டி வைக்க ஒருவன் பேர் உண்டு.
இது பிளாஸ்டிக்.
இதற்குப் போய் இத்தனை சீல் எதற்கு, அரக்கு எதற்கு?

நகைக்கடைக்காரர் போகும்முன் எனக்கும் ஒரு டீ சொன்னார்.
கண்ணாடி டம்ளரை அவர் பிடித்த விதம் பார்த்தேன்.
டீ தளும்பி விரலில் வழிந்தது.
இன்னும் நடுங்குகிறதம்மா என்றார்,
பொம்மை என்று தெரிந்த பிறகும்.
அந்த நடுக்கத்துக்கு நான் என்ன பில் காட்ட?
என் கேள்வி கொஞ்சம் தடுமாறியது.
தடுமாறியதே தவிர விழவில்லை.

முனையில் சிவப்படித்து வை, யாரும் தொடமாட்டார்கள் என்று
அந்தச் சின்னக் கான்ஸ்டபிள் யோசனை சொன்னான்.
கடனுக்கு அரை டஜன் எடுத்துவந்து
மருமகளின் நகப்பூச்சில் ஒவ்வொன்றுக்கும் வாய் சிவக்க வைத்தேன்.
வாசனை ராத்திரி முழுக்கக் குடிசையை விட்டுப் போகவில்லை.
முதல் கிராக்கி, ஏழு வயதிருக்கும்,
புரட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னான்:
வேண்டாம், இது பொம்மை.

அடுத்த தேதி பதினேழாம் தேதி.
சம்மதமா, கையெழுத்துப் போடு என்பார்கள்.
தாளில் இருபத்தைந்து என்று இருக்கும்.
இருபத்தேழு என்பேன்.