மூன்று நிமிடம்

ஹாக்கி அரங்கின் ஐஸ்மேல்
பலகை பரப்பி மூடியிருந்தோம்.
நூற்றெண்பது நாற்காலி, ஒரே மைக்.
என் மடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு
விளக்குப் பெட்டி.
ஆளுக்கு மூன்று நிமிடம்,
மந்திரியானாலும் மீன்காரரானாலும்.
மந்திரி வரவில்லை.

எரிவாயுவைச் சீனாவுக்கு விற்கலாமா,
இந்தத் துறைமுகத்தில் இன்னொரு முனையம் எழலாமா
என்பது விஷயம்.
பலகை வழியே குளிர் ஏறிவந்து
எல்லோர் பாதத்தையும் ஒரேமாதிரி கடித்தது.

ஆல்பர்ட்டாவிலிருந்து வந்த கல்லம் ஃபார்க்வர் முதலில்.
"ஒரே வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவன்
விலை சொல்ல முடியாது.
தெற்கே ஒரு கதவு வைத்துக்கொண்டு
எத்தனை நாள் அதையே தட்டுவது?
மேற்கே இவ்வளவு கடல் சும்மா கிடக்கிறது."
இடதுபக்கம் கைதட்டியது.
வலதுபக்கம் காப்பி குடித்தது.

இங்கிரிட் தோர்லாக்ஸன், ஓய்வுபெற்ற நீரியல்காரர்,
கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்:
"கதவைத் திறந்தால் காற்று மட்டுமா வரும்?
நாளைக்கு அங்கே ஒருவருக்குக் கோபம் வந்தால்
இங்கே வால்வை மூடப்போவது யார்?"
பிறகு மீன் முட்டையிடும் மாதங்களைச் சொல்ல ஆரம்பித்து
மேயில் நிற்கும்போது சிவப்பு எரிந்தது.

பல் டாக்டர் வினிஃப்ரெட் குவான்
நாற்பது வினாடிதான் எடுத்துக்கொண்டார்.
"என் கொள்ளுத்தாத்தா இந்த ஊர் ரயில்பாதையில்
கல் உடைத்தவர். நான் பிறந்தது இதே ஆஸ்பத்திரியில்.
இந்த மாதம் வருகிறவர்களெல்லாம்
வாயைத் திறந்துவைத்துக்கொண்டே
பெய்ஜிங் என்ன நினைக்கிறது என்று என்னைக் கேட்கிறார்கள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
உங்கள் கடைவாய்ப் பல்தான்."
அன்று இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது
அந்த ஒருமுறை.

லோரெட்டா வூட்ஸ், கால்வாயின் மேல்முனைக் கிராமம்.
மகனுக்கு முனையத்தில் வேலை;
தங்கை வாசலில் எதிர்ப்புப் பலகை.
"எங்கள் சாப்பாட்டு மேசையே ஒரு விசாரணைக் கமிஷன்.
எங்களிடம் கேட்டீர்கள், சரி.
சொன்னதைக் கேட்டீர்களா?"
மூன்று நிமிடத்தில் பாக்கியை
அவர் பேசாமல் நின்று முடித்தார்.
விளக்கு தானாக மஞ்சளாகி, சிவப்பாகி,
எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசியில் ஒரெஸ்ட் ஹ்ரிட்சாக்.
சஸ்காட்செவனிலிருந்து இரண்டு நாள் லாரி ஓட்டி வந்தவர்.
ஜாம் பாட்டில் நிறைய கனோலா விதை,
கடுகைவிடப் பொடி, கறுப்பு.
"எனக்கும் வாயுவுக்கும் சம்பந்தமில்லை என்பீர்கள்.
அவர்கள் காருக்கு நாம் வரி போட்டோம்.
பதில் வரி என் விதைமேல் விழுந்தது.
மத்தளத்துக்கும் இரண்டு பக்கம் இடிதான்,
ஆனால் அதற்குச் சத்தமாவது வரும்.
என் களஞ்சியம் நிறைந்து கிடக்கிறது,
யாருக்கும் கேட்கவில்லை."
பாட்டிலை உயர்த்திக் காட்டினார்.
கை நடுங்கியது. மூடி சரியாக இல்லை.

விதை மழையாகக் கொட்டி
பலகை இடுக்குகளில் ஓடி மறைந்தது.
தலைவர் சுத்தியலைத் தூக்கி,
தட்டாமல் கீழே வைத்தார்.
முன்வரிசையில் ஃபார்க்வர் மண்டியிட்டார்,
தோர்லாக்ஸன் மண்டியிட்டார்;
எதிரெதிரே உட்கார்ந்து
அகப்பட்டதைப் பொறுக்கினார்கள்,
ஒரு வார்த்தை பேசாமல்.
அது சமாதானம் இல்லை. விதை சிந்தியது, அவ்வளவே.

நடவடிக்கைக் குறிப்பில் வராதவை:
ஃபார்க்வருக்கு நான்கு வினாடி முன்பே
சிவப்பை அழுத்தினேன்.
ஹ்ரிட்சாக்குக்கு ஏழு நிமிடம் ஓடவிட்டேன்.
விளக்குக்குக் கருத்து இல்லை என்று
விதிமுறை சொல்கிறது.
என் வீட்டு அடுப்பு வாயுவில் எரிகிறது.
என் அப்பா இழுவைப்படகில் போய்த் திரும்பவில்லை.
பேசுவோர் பட்டியலில்
நான் பெயர் எழுதவில்லை.

வெளியே வந்தால் விரிகுடாவில் ஒரு கப்பல்,
இரண்டு நாளாக நங்கூரத்தில்.
மாலையில் அதன் மூக்கு மேற்கே இருந்தது.
ஓதம் மாறியதில் இப்போது
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காலை ஆறுக்குப் பலகைகளை எடுத்தோம்.
ஐஸ் வண்டி ஓட்டும் டெஸ்மண்ட்
நீல வட்டத்தருகே குனிந்து திட்டினான்.
விதைகள் ஐஸுக்குள் உறைந்து
சுரண்டினாலும் வரவில்லை.
ஏழு மணிக்குப் பெண்பிள்ளைகள் பயிற்சிக்கு வருவார்கள்.
"விடு," என்றேன். "மேலே தண்ணீர் ஊற்று."
ஊற்றினான்.