பத்துக் கிலோவுக்குக் கீழே

தேவாஷினியைக் கவிழ்த்துப் போட்டு
பிடரி மயிரைப் பார்க்கிறார்கள்.
வால்விட்டு இறங்கினால் தங்கச்சி,
வெட்டினாற்போல் நின்றால் தம்பி.
இரண்டு வயதுப் பிள்ளை
கிச்சுகிச்சு மூட்டுவதாய் நினைத்துச் சிரிக்கிறது.

ஆயாக்கொட்டகையில் அமராவதியக்கா
தொடை மடிப்பை எண்ணினாள்.
இந்தக் காலில் மூன்று, அந்தக் காலில் இரண்டு.
"ஒத்து வரல, பொண்ணுதான்."
சாயங்காலம் குளிப்பாட்டிவிட்டு
"மூணாவது பவுடர் கோடு,
ஆம்பளப் பிள்ள" என்று திருத்திக்கொண்டாள்.

மளிகைக் கடை ஆ முய்
சீனக் காலண்டரின் பின்பக்கத்தில்
என் வயதை ஒரு விரலால் இழுத்து
மாசத்தை இன்னொரு விரலால் இழுத்து
இரண்டும் முட்டிய இடத்தில் யோசித்தாள்.
வயிற்றிலிருந்த காலத்தையும் சேர்த்து
ஒரு வயசு கூட்ட வேண்டுமாம்.
கூட்டினால் மாறிவிடுகிறது.

கொழுந்தன் பிரவீன் என் வயிற்றைப் பார்த்து
நாலு நம்பர் எடுத்தான்.
கூர்மையாக இருக்கிறதாம், ஏழில் தொடங்கினான்.
சனிக்கிழமை ஒன்றும் விழவில்லை.
ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசவில்லை.

எல்லாரும் நம்பியது முதல் சொல்லை.
அப்பா என்றால் அடுத்தது ஆண்
அம்மா என்றால் பெண்.
பேச்சு வரத் தாமதமான பிள்ளையின் வாயருகே
நாத்தனார் செல்வராணி மூன்று மாதம்
அப்பா அப்பா என்று ஊதிப் பார்த்தாள்.
ஒரு புதன்கிழமை
சிலிம் ரிவர் ஸ்டேசன் முக்கில்
செம்பனைக் குலை சிந்தச் சிந்தத் திரும்பிய
வண்டியைக் கைகாட்டி
எங்கள் தேவாஷினி வாய் திறந்தது:
லோரி.

"லோரி ஓட்டுறது யாரு, அவன் அப்பன்தானே"
என்றாள் செல்வராணி.
நிறுத்து எழுதுவது நான்தானே என்றேன்.
மில் வாசலில் என் நிறுவை மேடை,
குணாளனே ஆனாலும்
என் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது.
கடைசியில் தமிழ்ப்பள்ளியில் படித்ததைச் சொன்னேன்:
லோரி ஒன்றன்பால்.
சிரித்தார்கள்.

பிள்ளையும் அப்படித்தானே நம் பேச்சில்.
பிறந்தது, அழுதது, பால் குடித்தது.
போனது.

முந்தின பிள்ளையைப் பார்த்தால்
அடுத்தது தெரியுமாம்.
முந்தினது தேவாஷினி இல்லை.

போன வருஷம், ஐந்தாம் மாதம்.
மிஸி துணியை மூடுவதற்குள் பார்த்துவிட்டேன்.
பிடரியில் மயிர் இல்லை.
தொடையில் மடிப்பு விழ
அதற்கு நேரம் இருக்கவில்லை.
என்ன பிள்ளை என்று சொல்ல வந்தவளை
வேண்டாம் என்றேன்.
அதன் பிறகு அந்தக் கேள்வி
யார் வாயில் வந்தாலும்
எனக்குச் சுவர் கடிகாரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் தராசு பத்துப் பத்தாகத்தான் காட்டும்.
நாற்பது டன்னுக்குச் செய்தது,
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குத் தெரியாது.
சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாதபோது
நான் ஏறி நின்றிருக்கிறேன்.
ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அறுபது.
திரும்பி வந்த பிறகும் அறுபது.
இந்த எட்டாம் மாதத்திலும்
அறுபதுதான்.

இன்று ஆயாக்கொட்டகை மூடல்.
தேவாஷினியை இடுப்பில் வைத்து ஏறினேன்.
சிவப்பு எண் கொஞ்சம் தடுமாறி
எழுபதில் நின்றது.
பின்னால் குலை வண்டி வந்து
ஹாரன் அடித்தது, ஹாரனைவிடச் சத்தமாய்
இது லோரி லோரி என்று துள்ளியது,
உள்ளே இருந்ததும் எட்டி உதைத்தது.

இறங்கி வந்து ஒரு சீட்டு அடித்தேன்.
வண்டி எண்: இல்லை.
மொத்த எடை: எழுபது.
வெற்று எடை என்ற கட்டத்தை
அப்படியே விட்டு
மடித்துக் கிளினிக் புத்தகத்துக்குள் வைத்தேன்.

"மேடம், எவ்வளவு நேரம்"
என்கிறான் லோரிக்காரன்.