நீலக் குடங்கள்

என் உணவுக்குழாயின் அடியிலிருந்து எடுத்த
நாலு துணுக்குகளை
நானே மெழுகில் பதித்தேன்.
அன்றைக்கு வேறு ஆள் இல்லை.
சகுபர் நிக்காஹ் வீட்டுக்குப் போயிருந்தான்,
பாதிக் கீழக்கரையும் அங்கேதான்.

நாலு மைக்ரான் தடிமன்.
கத்தியிலிருந்து ரிப்பனாய் இறங்கி
வெந்நீர்த் தொட்டியில் மிதந்தேன்.
தூரிகையால் ஓரம் பிடித்துக்
கண்ணாடியில் ஏற்றினேன் என்னை.
சன்னலில் கொண்டல் காற்று,
யாரோ சங்கு கழுவிய தண்ணீரின் கவிச்சி.

அல்சியன் ப்ளூ, அரை மணி நேரம்.
கழுவி லென்ஸுக்கு அடியில் வைத்தால்
ஓலைப்பாய் அடுக்கியது போல்
தட்டைத் தட்டையாய் இருக்கவேண்டிய இடத்தில்
நெட்டையாய் வரிசை கட்டி நிற்கின்றன செல்கள்.
நடுநடுவே வயிறு பருத்த
நீலக் குடங்கள்.

குடலே,
உனக்கு இவ்வளவு மேலே என்ன வேலை?

பதினோரு வருஷ நைட் டூட்டி.
ஒரு மணிக்குப் பரோட்டா, கட்டஞ்சாயா,
படுத்ததும் நெஞ்சில் ஏறும் புளிப்பு.
சில இரவு பித்தமும், கசப்பாய்.
இளஞ்சிவப்பு மருந்து ஒரு மூடி,
பிறகு புரண்டு படுப்பது.

ஏர்வாடிப் பக்கம் மாமி தோட்டத்துக் கிணறு
இப்படித்தான் கரித்தது.
முதலில் கத்தரி போனது.
முருங்கை இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தது.
ஒரு மழைக்குப் பிறகு உமரி,
சிவப்புச் சிவப்பாய், தரை முழுக்க.
யாரும் விதைக்கவில்லை.
தோற்றுவிட்டேன் என்று மண் சொல்லவும் இல்லை.

விதை மண்ணிலேயே கிடந்திருக்கும்.
என் ஒவ்வொரு செல்லிலும்
குடலின் பாடமும் கிடந்தது போல,
மூடிய பக்கமாய்.

திறந்தது யார்?

இந்த லென்ஸில் தெரியாது அது.
மதுரைக் கருத்தரங்கில் கேள்விப்பட்டேன்,
பிரியாணிக்கு முந்தைய வகுப்பு.
மைக்ரோ ஆர்என்ஏ.
இருபத்திரண்டு எழுத்துதான் நீளம்.
தானாக ஒரு புரதமும் ஆகாது, எதையும் கட்டாது.
உட்கருவிலிருந்து கிளம்பி வரும் கடிதத்தின்
வாலைப் பிடித்துக்கொண்டு
படிக்காதே என்கும்.
அவ்வளவுதான் உத்தியோகம்.

பெயர்கூடக் கிடையாது,
படகில் அடித்த நம்பர் போல நம்பர்தான்.
தட்டையாய் இரு, தோலாய் இரு என்று
காவல் நின்ற இருநூற்று மூன்றும் இருநூற்றைந்தும்
மெலிந்துபோகின்றனவாம்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்றுத் தொண்ணூற்று நாலு,
இருநூற்றுப் பதினைந்து பெருகுகின்றனவாம்,
எல்லாம் குடல் ஊர்க்காரர்கள்.

இவை மாறியதால் தோல் மாறியதா,
தோல் மாறியதால் இவை மாறினவா?
கை தூக்கிக் கேட்டேன்.
நல்ல கேள்வி என்றார், அடுத்த படத்துக்குப் போனார்.

என் வீட்டிலும் உண்டு
வாலைப் பிடித்துப் பேச்சை நிறுத்துகிறவர்கள்.
அவர்களின் நம்பரை
இங்கே எழுதப்போவதில்லை.

டாக்டர் ஃபிளாவியா பர்னாந்து
ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.
பாரெட் மாற்றம் என்று எழுதினார்.
கெட்ட செல் எதுவும் தென்படவில்லை,
மூன்று வருஷம் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும்.
‘நல்லா வெட்டியிருக்கீங்க. யாரோடது?’
கண்ணாடி ஓரத்தில் பென்சிலால்
417 மட்டும்தான் போட்டிருந்தேன்.
பேஷண்ட் என்றேன்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில்
இப்போது இரண்டிரண்டு செங்கல்.
தூக்கத்தில் கால்பக்கம் சறுக்கிப்போகிறேன்,
தலையணை மட்டும் மேலேயே நிற்கிறது.
மணி ஒன்று.
புளிப்பு இன்னும் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை ஏர்வாடி போகவேண்டும்.
அந்தக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து
நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டும்.